பானையின் அடியில் அம்மம்மா

சுவிஸில் அசூல் அடித்துவிட்டு, அதாவது அகதித் தஞ்சம் கேட்டுவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், எனக்குக் கிடைத்த வேலையும் எங்கட ஆட்கள் பலருக்குக் கிடைத்த அதே வேலைதான்: கோப்பை கழுவுவது. பெர்ன் நகரில் இரண்டு உணவகங்களில் கழுவினேன். பிறகு 1994 பனிக்காலத்தில், லவுட்டர்புருனன் பள்ளத்தாக்குக்கு மேலே, கார் போகாத ஒரு கிராமத்தில் இருந்த மலை விடுதியில் சேர்ந்தேன். முன்பக்க அறைகளில் நின்றால் எதிரே ஐகர், யுங்ஃப்ரா சிகரங்கள் தெரியும். என் குசினி பின்பக்கம். எனக்குத் தெரிந்தது கூரையை முட்டி நின்ற பனியும், அழுக்குக் கோப்பைகள் வந்து சேரும் ஒரு சின்ன ஜன்னலும்தான்.

பெப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை வரும். அந்தக் கிழமையில் வருடா வருடம் எம்மெந்தால் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று வரும். நாலு தலைமுறை, 23 பேர். பிள்ளைகள் எல்லாரும் மேல்மாடியில் வரிசை மெத்தைகளில் படுப்பார்கள். நடுநாயகமாக எண்பதை நெருங்கிய ஒரு கிழவி. எல்லாரும் அவரை 'குரோசி' என்று கூப்பிட்டார்கள். அங்கே அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் அந்த ஒரு சொல்தான்.

முதல் வருடமே நான் ஒரு வேலை பார்த்தேன். அன்றிரவு ஃபொண்டு. ஆளுக்கு 200 கிராம் கணக்கில் குருயேர், வஷெராங் என்ற இரண்டு சீஸும் பாதிப் பாதி, வெள்ளை வைனில் உருக்கி, மண்பானையில் மேசைக்குப் போகும். பாணை, அதாவது ரொட்டியை, குத்தி முக்கிச் சாப்பிட்டு முடிந்ததும் பானைகள் ஜன்னலுக்கு வந்தன. அடியில் பழுப்பாக ஒட்டியிருந்ததை, தீய்ந்துபோன சீஸ் என்று நினைத்து வெந்நீர் ஊற்றிச் சுரண்ட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு பையன்கள் ஓடிவந்து ஜன்னலில் தலையை நீட்டி, "குரொஸ்முவத்தர் எங்கே?" என்று கத்தினார்கள். எனக்கு அப்போது தெரிந்த ஜேர்மனில் அதற்கு ஒரு பொருள்தான். அடுப்போரம் உட்கார்ந்திருந்த கிழவியைக் கையால் காட்டினேன்.

அந்த அறை சிரித்த சிரிப்பு! சமையல்காரர்தான் பிறகு விளக்கினார். பானையின் அடியில் மொறுமொறுவென்று பிடிக்கும் அந்தப் பொருக்குக்கு ஜேர்மன் பேசும் சுவிஸ்காரர் வைத்த பெயரே 'பாட்டி'. அதற்காகத்தான் கடைசிவரை பிள்ளைகள் காத்திருப்பார்கள். நான் அதைச் சாக்கடையில் விட்டிருந்தேன். எங்கட வீட்டில் சோற்றுப் பானையின் அடிப்பிடித்ததற்கு நானும் தங்கச்சியும் சண்டை பிடித்தவர்கள்தான், ஆனாலும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தக் குடும்பம் என்னைக் கண்டதும் கிழவியைக் கைநீட்டிக் காட்டும். அதுதான் எங்களுக்குள் வணக்கம்.

1999 பெப்ரவரியை மறக்க முடியாது. நாள்கணக்காகக் கொட்டியது. பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளில் சொல்வார்கள். அந்தக் கிழமை வானொலி ஐந்தாம் படியைச் சொல்லிக்கொண்டிருந்தது. 21ஆம் தேதி வலே மாநிலத்தின் எவொலேனில் பனி சரிந்து 12 பேர் இறந்தார்கள். எங்களுக்குக் கீழே இறங்கும் வழி மூடிவிட்டது. பிந்தி வரவிருந்த மருமகன் ஒருவர் பள்ளத்தாக்கிலேயே நின்றுவிட்டார். அதனால் குரோசியின் சீட்டு மேசையில் ஒரு கை குறைந்தது.

யாஸ் என்பது அவர்களின் சீட்டாட்டம். பச்சைத் துணி விரித்து, பக்கத்தில் சிலேட்டும் சோக்கட்டியும் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். கோப்பை எடுக்கப் போன இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தேன். ஒருவர் "ட்ரும்ப்ஃப்!" என்றார். எனக்குத் 'துரும்பு' என்றே கேட்டது. பார்த்தால் துரும்பு ஜாக் எல்லாவற்றையும் வெட்டுகிறது. அதற்கு அடுத்தது ஆஸ் இல்லை, ஒன்பது. அடடா, இது எங்கட முந்நூற்றி நாலு ஆட்டம் அல்லவா! எனக்கும் தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குரோசி எதிர்க் கதிரையைக் காட்டினார். ஷெஃப் தலையசைத்தார், ஏப்ரனோடு உட்கார்ந்தேன்.

தெரியும் என்று சொன்னது பாதிதான் சரி. நாங்கள் துரும்பைக் கவிழ்த்து மறைத்து வைப்போம், அவர்கள் சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். அதைவிட மோசம், எங்களுக்கு எந்த நிறத்திலும் ஜாக்தான் பெரிது. அவர்களுக்குத் துரும்பில் மட்டும்தான். நான் வீறாப்பாக இறக்கிய ஜாக்கை ஒரு ராணி தூக்கிக்கொண்டு போனாள். என் சோடியான குரோசி ஒன்றும் சொல்லவில்லை, விரலால் மேசையை இரண்டு தரம் தட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பிழையை நான் செய்யவில்லை.

அந்தக் குடும்பத்திடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருந்தது. கடைசி நாள் காலையில் பில்லை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு இவ்வளவு, பிள்ளைக்குப் பாதி, வைன் குடிக்காதவருக்குக் கழிவு என்று சதம் சதமாகப் பிரிப்பார்கள். கூடப் பிறந்தவர்களுக்குள் இப்படியும் ஒரு கணக்கா என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

2011இல் நாங்களும் கூடினோம். ரொறன்ரோவிலிருந்து அண்ணா, இலண்டனிலிருந்து தங்கச்சி, விசா எடுத்து வந்த அம்மா, எல்லாருமாக 19 பேர். அதே பள்ளத்தாக்கில் ஒரு வீட்டை ஒரு கிழமைக்கு எடுத்தேன். கணக்கு எழுதுவது மரியாதையில்லை என்று எழுதவில்லை. அண்ணா ஒருமுறை கடைக்குப் போய்க் கொடுத்தார், அத்தான் ஒளித்துவைத்து வாடகையைக் கட்டினார், நான் மிச்சத்தை. யார் அதிகம் கொடுத்தது, யார் கொடுக்க விடவில்லை என்ற மனத்தாங்கல் இரண்டு வருடம் தொலைபேசியில் ஓடியது. எம்மெந்தால்காரரின் சதக் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் இரவு சீட்டுக்கட்டு வெளியே வந்தது. அண்ணாவும் அத்தானும் ஒரு பக்கம், என் மகனும் மகளும் மறுபக்கம். அண்ணா முந்நூற்றி நாலு என்று நினைத்து ஆடினார். இங்கே பிறந்த பிள்ளைகள் யாஸ் என்று நினைத்து ஆடினார்கள். இரண்டாம் ஆட்டத்தில்தான் பிடிபட்டது: அண்ணா துரும்பு ஒன்பதுக்கு இருபது எண்ணுகிறார், பிள்ளைகள் பதினாலு. "ஒல்லாந்தன் காலத்திலயிருந்து இருபதுதான்" என்று அண்ணா அடித்துச் சொன்னார். ஆதாரம் ஒன்றும் காட்டவில்லை. மகள் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள். அண்ணா சீட்டை எறிந்துவிட்டு, பல்கணிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். பனி உள்ளே பறந்தது.

போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஒன்பது எத்தினையெண்டாலும் இருக்கட்டும். முதல்ல ஆராவது அந்தக் கதவைச் சாத்துங்கோ."