ஃப்ரீபிஎஸ்டி சர்வரை பிகேஜிபேஸுக்கு மாற்றிய அனுபவம்

லினக்ஸில் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு குழுவினுடையது, சி லைப்ரரி இன்னொரு குழுவினுடையது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி அப்படியல்ல. கெர்னல், லைப்ரரிகள், அன்றாடக் கட்டளைகள் எல்லாம் ஒரே மூலநிரல் மரத்தில் வளர்ந்து மொத்தமாக வெளியாகும். அந்த அடித்தளத்தைப் புதுப்பிக்க 'ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்', நாமாக நிறுவும் மென்பொருள் தொகுப்புகளுக்கு (பேக்கேஜ்களுக்கு) 'பிகேஜி' என்று இரண்டு வழிகள் இருந்தன. அடித்தளத்தையும் பேக்கேஜ்களாகப் பிரிக்கும் பிகேஜிபேஸ் வேலை 2016லேயே மூலநிரலில் சேர்ந்துவிட்டது. ஆனால் 2025 டிசம்பரில் வந்த 15.0 பதிப்பில்தான் இன்ஸ்டாலர் அதை ஒரு தேர்வாகக் கொடுத்தது. 16இல் பழைய வழியைக் கைவிடுவதாகத் திட்டம். ஓடிக்கொண்டிருந்த சர்வரை அழித்து நிறுவ மனமில்லாததால் 'பிகேஜிபேஸிஃபை' என்ற ஸ்கிரிப்டைக் கொண்டு மாற்றினேன்.

இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் முதலில் ஒரு பூட் என்விரான்மென்ட், அதாவது பூட் செய்யக்கூடிய சிஸ்டம் நகல், எடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்டே கேட்கும், மறுக்காதீர்கள். ஏதாவது கெட்டால் பூட் மெனுவிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

பதிவிறக்கமும் நிறுவலும் சத்தமில்லாமல் முடிந்தன. உண்மையான கவனம் தேவைப்பட்டது அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில்தான். பேக்கேஜை நிறுவும்போது பிகேஜி அங்கே தன் கோப்பை வைத்துவிட்டு, நம்முடையதை 'பிகேஜிசேவ்' என்ற பின்னொட்டோடு ஒதுக்கிவைக்கும். பாஸ்வேர்டு கோப்புக்கு அப்படி நேர்ந்தால் நம் பயனர்களே காணாமல் போவார்கள். எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்புக்கு நேர்ந்தால் தொலைவிலிருந்து உள்ளே நுழைய வழியில்லாமல் போகலாம். அதனால் நம் கோப்பு, புதிய கோப்பு, இரண்டுக்கும் மூலமான பழைய கோப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஸ்கிரிப்ட் இணைக்கிறது. பாஸ்வேர்டு தரவுத்தளத்தையும் மறுபடி கட்டுகிறது. இருந்தாலும் நான் இருந்த இணைப்பை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதிதாக லாகின் செய்து பார்த்த பிறகே ரீபூட் செய்தேன். இந்த ஒரு படியை யாரும் தாண்டக் கூடாது.

கெர்னலை ஏற்றித் தொடக்கிவைக்கும் பூட்லோடரும் ஒரு பேக்கேஜாகத்தான் வருகிறது. ஆனால் கணினி தொடங்கும்போது படிக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள நகல் தானாக மாறாது. அதை நாம்தான் நகலெடுத்து வைக்க வேண்டும், குறிப்பாக இசட்எஃப்எஸ் பூலை (வட்டுகளின் தொகுப்பை) அப்கிரேடு செய்வதற்கு முன்னால்.

எனக்குக் கிடைத்த பெரிய நிறைவு வேறு. முன்பு சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருள் இல்லாத ஃப்ரீபிஎஸ்டி வேண்டுமென்றால், விருப்பத்தை ஒரு கோப்பில் எழுதி, அடித்தளம் முழுவதையும் கம்பைல் செய்ய வேண்டும். இப்போது அது தனிப் பேக்கேஜ், நீக்கினால் போயிற்று. எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது, யாராவது அதைத் தொட்டிருக்கிறார்களா என்பதையும் மற்ற மென்பொருளுக்குக் கேட்பதைப் போலவே பிகேஜியிடம் கேட்கலாம். ஒரு சர்வரைப் பொறுப்பேற்று நடத்துபவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

பிரித்ததில் எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். மேன் பக்கங்கள் (கட்டளைக் கையேடுகள்), டெவலப்மென்ட் கோப்புகள், பிழைதேட உதவும் டீபக் கோப்புகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்பதால் பட்டியல் மிக நீளம். பல பேக்கேஜ்களை ஒன்றுசேர்க்கும் 'மினிமல்', 'பேஸ்' போன்ற செட்டுகள் இருப்பதால்தான் சமாளிக்க முடிகிறது.

நிறுவிய எல்லாவற்றையும் பிகேஜியால் ஒரேயடியாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. முன்பு அது அடித்தளத்தைத் தொடாது. இப்போது அடித்தளமும் அதே தரவுத்தளத்தில் இருப்பதால், அந்தக் கட்டளையை வைத்திருக்கும் பழைய ஸ்கிரிப்டுகளை மாற்றத்துக்கு முன்பே தேடித் திருத்திவிடுங்கள்.