ஜாம் போத்தல் விளக்கும் லெமைத்ர் பாதரும்

1992இல் நாங்கள் ஏ.எல் (உயர்தரம்) படித்தபோது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. பௌதிகம் முழுக்க அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம்.

அந்த வருடம்தான் எனக்குக் குழப்பமும் வந்தது. பிரபஞ்சம் மிகச் சூடான, நெருக்கமான நிலையிலிருந்து விரிந்து வந்தது என்னும் பெருவெடிப்பைப் பற்றிப் படித்துவிட்டு ஞானோபதேச வகுப்பில் போய், உலகம் ஆறு நாளில் உண்டானது எப்படி என்று கேட்டேன், படிப்பித்தவர் முழங்காலில் நிற்க வைத்தார். சரி, இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டுமாக்கும் என்று நினைத்து இரண்டு கிழமை பூசைக்கே போகவில்லை.

விடுதிக்குப் பொறுப்பான பாதருக்கு அது தெரிந்துவிட்டது. ஏசவில்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரே இருட்டு, வானம் முழுக்க நட்சத்திரம். "பெருவெடிப்புக்கு வழி காட்டினது ஆரெண்டு தெரியுமோ தம்பி? ஒரு குருவானவர்தான்" என்றார்.

பெல்ஜியத்து ஜோர்ஜ் லெமைத்ரின் பெயரை அன்றுதான் முதலில் கேட்டேன். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் நின்றவர், பிறகு குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல், அமெரிக்க வானியலாளர் ஹபிளுக்கு இரண்டு வருடம் முந்தியே எழுதிவிட்டார். 1931இல், எல்லாமே ஒரே ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார்.

அப்புறம் பாதர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், 'ஒளி உண்டாகுக' என்ற பைபிள் வசனத்துக்கு விஞ்ஞானமே சாட்சி சொல்வதுபோலப் பேசினாராம். லெமைத்ர் அதற்குச் சந்தோஷப்படவில்லை, மனம் வருந்தினார். தன் கணக்கு நாளைக்குப் பிழைத்தால் விசுவாசமும் சேர்ந்து பிழைக்கக் கூடாது, கணக்கைக் கணக்காகவே சோதிக்க வேண்டும் என்பது அவர் நிலை. அடுத்த வருடம் ரோமில் வானியலாளர்களிடம் பேசிய பாப்பரசர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இங்கே ரொறன்ரோவில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, "பெருவெடிப்பு பைபிளிலேயே இருக்கு" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை. ஆதியாகமத்தைப் பௌதிகப் புத்தகமாக்கினால் இரண்டுமே கெட்டுப்போகும். அன்று என்னை முழங்காலில் நிற்க வைத்தவர் செய்ததும் இதைத்தான்.

அமெரிக்காவில் பென்சியாஸும் வில்சனும் 1964இல் ஓர் அன்ரனாவில் ஓயாத இரைச்சலைப் பிடித்து, புறா எச்சமாக்கும் என்று துடைத்துப் பார்த்த கதையையும் பாதர் சொன்னார். துடைத்தும் இரைச்சல் போகவில்லை, அது பிரபஞ்சத்தின் ஆதிச் சூட்டின் மிச்சம். 1966இல், சாவதற்குச் சில நாள் முன்னர், லெமைத்ருக்கு அந்தச் செய்தி கிடைத்ததாம். அதைச் சொன்னபோது பாதரின் குரல் தழுதழுத்தது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனேன்.

2018இல் வானியலாளர்கள் வாக்களித்து, தூரத்து விண்மீன் மண்டலங்கள் தூரத்துக்கேற்ப வேகமாக விலகுகின்றன என்னும் ஹபிள் விதியில் லெமைத்ர் பெயரையும் சேர்க்கச் சொன்ன செய்தியைப் பார்த்ததும் பாதருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் அதற்கு முந்தியே காலமாகிவிட்டார். அவருடைய படம் எங்கள் பட்ச் ஆட்கள் ஆரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள், என்னிடம் ஒன்றுகூட இல்லை.