ஃபின்லாந்தில் ஆர்க்கிடெக்சர்: போகும் முன் செக்‌ஷன் வரையப் பழகுங்கள்

பி.ஆர்க் முடித்துவிட்டு ஃபின்லாந்தில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது போர்ட்ஃபோலியோ (தங்கள் வரைபடங்களின், திட்டங்களின் தொகுப்பு) பற்றித்தான். நான் படித்தது ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போ நகரில், ஓட்டானியெமி வளாகத்தில் இருக்கும் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

நடைமுறை விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும். போர்ட்ஃபோலியோவின் பக்க வரம்பையும் கோப்பின் அளவையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். 2017 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து ஆங்கிலவழிப் படிப்புக்கு வருபவர்கள் கட்டணம் கட்டியாக வேண்டும் என்பதால், உதவித்தொகைக்கும் கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, போர்ட்ஃபோலியோ. நம் கல்லூரிகளில் ஜூரிக்கு (ஆசிரியர்கள் முன் திட்டத்தை விளக்கும் நாள்) முந்தின ராத்திரி முழுவதும் ரெண்டரில் (நிஜம்போல் காட்டும் கணினிப் படம்) போய்விடும். செக்‌ஷன் (கட்டடத்தை வெட்டி உள்ளமைப்பைக் காட்டும் வரைபடம்) ஷீட்டின் ஓரத்தில் ஒப்புக்கு உட்கார்ந்திருக்கும். என்னைக் கேட்டால் அதை அப்படியே தலைகீழாக்குங்கள். ஒரே ஒரு திட்டத்தையாவது 1:20 அளவில் சுவரை வெட்டி, எந்த அடுக்கு எதற்கு என்று காட்டுங்கள். அங்கே ஸ்டூடியோவில் (வடிவமைப்பு வகுப்பில்) திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி "இது எப்படி நிற்கிறது, எப்படிக் காய்கிறது?" என்பதுதான்.

காய்வது என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றில் ஈரம் இருக்கும். அது சுவருக்குள் புகுந்து குளிர்ந்த அடுக்கைத் தொட்டால் தண்ணீராக மாறும். அப்புறம் பூஞ்சை, அழுகல். அதனால் நீராவித் தடுப்புத் தாள் இன்சுலேஷனுக்கு (சூட்டைக் காக்கும் அடுக்கு) உட்பக்கம் வரவேண்டும், வெளிப் பலகைக்குப் பின்னால் காற்று ஓட இடைவெளி விடவேண்டும். சென்னையில் ஏசி போட்ட அறைக்கு ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். திசையே நேர்மாறு. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு போனால் கட்டுமானப் பாடத்தில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

வெயில் கதையும் அப்படித்தான். நாம் சன்ஷேடு போட்டு வெயிலைத் துரத்தப் பழகியவர்கள். ஹெல்சின்கி 60 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் உச்சிவேளையில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து ஆறேழு டிகிரிக்கு மேல் ஏறாது. பத்து மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் கிட்டத்தட்ட 90 மீட்டர் நீளும். கட்டடங்களுக்கு நடுவே முற்றத்தை எவ்வளவு அகலம் விடுவது என்பதை ரசனை தீர்மானிப்பதில்லை, இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

குடியிருப்பு ஸ்டூடியோ எடுப்பவர்கள் தரைத்தளத்தைக் கவனமாகப் போடுங்கள். வாசலில் இரண்டு கதவுகளுக்கு நடுவே குளிர்க்காற்றை நிறுத்தும் சின்ன இடம், குழந்தை வண்டி வைக்க அறை, துணி உலர்த்தும் அறை, பல கட்டடங்களில் பொது சவுனா (சூடான வியர்வைக் குளியல் அறை). 1200 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்குப் போர்க்காலப் பாதுகாப்பறை சட்டப்படி கட்டாயம். சாதாரண நாளில் அதில் பெரும்பாலும் சாமான்கள்தான் கிடக்கும். கனமான கான்கிரீட் சுவர் என்பதால் கடைசியில் எங்காவது செருகிவிட முடியாது, முதல் நாளே பிளானில் வைக்கவேண்டும். ஹெல்சின்கியின் கலசதமா பகுதியில் குப்பையைக் குழாய் வழியே உறிஞ்சி எடுக்கிறார்கள். அங்கே சைட் கிடைத்தால் குப்பை லாரி வந்து திரும்பும் இடத்தை வரைந்துகொண்டிருக்காதீர்கள்.

கலசதமாவும் யேட்காசாரியும் பழைய துறைமுக நிலங்கள். சரக்குப் போக்குவரத்து 2008-இல் வுவோசாரி என்ற புதிய துறைமுகத்துக்கு மாறியதும் இவை வீடுகளுக்குத் திறந்துவிடப்பட்டன. ஹெல்சின்கியில் நிலத்தின் பெரும்பகுதி நகராட்சிக்கே சொந்தம். திட்டம் போடுவதும் அவர்கள், நிலத்தைக் கொடுப்பதும் அவர்கள் என்பதால் நிபந்தனைகளை அழுத்தமாகப் போடமுடிகிறது. நகரத் திட்ட வரைபடத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்: ரோமன் எண் இருந்தால் அதிகபட்ச மாடிகள், 'ஏகே' என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பு. நகரத்தின் முப்பரிமாண மாதிரியையே இலவசமாகத் தரவிறக்கலாம்; சைட் மாடல் செய்ய எத்தனை ராத்திரி மிச்சம் என்று அப்போது தெரியும்.

ஜூரி அங்கே சத்தமில்லாமல் நடக்கும். ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், 'சார்' போட்டால் அவருக்குத்தான் சங்கடம். நீங்கள் பேசி முடித்ததும் நீண்ட மௌனம் வரும். அதை நிரப்ப உளறவேண்டாம், யோசிக்கிறார்கள். மதிப்பெண் 0 முதல் 5 வரை. ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 27 மணி நேர உழைப்பு என்று கணக்கு. எடுக்கும் பாடங்களின் கிரெடிட்டை இதனால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

படிக்க எது நல்லது என்றால், நான் போட்டி நடுவர் அறிக்கைகளைச் சொல்வேன். ஃபின்லாந்தின் முக்கியமான பொதுக் கட்டடங்களில் பல திறந்த போட்டியில் வந்தவை. பெயர் மறைத்து, புனைபெயரில் அனுப்பவேண்டும்; அதனால் புதிய அலுவலகங்களும் ஜெயிக்கின்றன. ஹெல்சின்கியின் மத்திய நூலகமான 'ஓடி'க்கு 544 திட்டங்கள் வந்தன, ஏஎல்ஏ அலுவலகம் வென்றது, 2018 டிசம்பரில் திறந்தார்கள். வென்ற திட்டத்தைப் பற்றி எல்லோரும் படிப்பார்கள். தோற்றவற்றுக்கு நடுவர்கள் எழுதிய குறிப்புகளில்தான் விஷயம் இருக்கிறது. போட்டியில் வென்றும் கட்டப்படாத கதைக்கு ஹெல்சின்கி குகன்ஹைம் அருங்காட்சியகம் இருக்கிறது: 1,715 திட்டங்கள், வெற்றியாளரும் அறிவித்தாயிற்று, 2016 இறுதியில் நகர்மன்றம் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டது. கட்டுரைத் தேர்வில் நகர அரசியலைப் பற்றிக் கேட்டால் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஓடியை நேரில் பார்க்கும்போது கீழ்த்தளத்தில் தூண்களைத் தேடுங்கள், நடுவே அகப்படாது. அடியில் ஒரு சுரங்கச்சாலைக்கு இடம் ஒதுக்கவேண்டியிருந்ததால், நூறு மீட்டருக்கு மேல் தாவும் இரண்டு எஃகு வளைவுகளில் கட்டடத்தையே பாலம்போல் நிறுத்தியிருக்கிறார்கள். நடு மாடியில் தையல் இயந்திரம், முப்பரிமாண அச்சுப்பொறி, மேல்மாடியில் புத்தகங்கள். மாடத்தில் நின்றால் எதிரே நாடாளுமன்றம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கம்ப்பி மௌன ஆலயம், கே2எஸ் அலுவலகம் வடிவமைத்து 2012-இல் திறக்கப்பட்டது. உள்ளே தடித்த ஆல்டர் மரப் பலகைச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள், வெளிச்சம் கூரையின் விளிம்பிலிருந்து மட்டும் இறங்குவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பரபரப்பான சதுக்கத்தின் சத்தத்தை இவ்வளவு சின்னக் கட்டடம் எப்படி வெளியே நிறுத்துகிறது என்பதை வரைந்து பார்த்தாலே அருமையான பயிற்சி.

மரவேலையில் ஆர்வம் இருந்தால் கொர்க்கியாசாரி விலங்குக் காட்சித் தீவில் இருக்கும் குப்லா பார்வைக் கோபுரத்துக்குப் போங்கள். 2002-இல் மாணவர்கள் கையாலேயே கட்டியது. 72 நீண்ட மரச் சட்டங்களை அங்கேயே வளைத்து முறுக்கி, போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். அதை வடிவமைத்த வில்லே ஹாரா பிறகு தொடங்கிய அவான்டோ அலுவலகம்தான் 2016-இல் கடலோர லோய்லு சவுனாவைச் செய்தது. பள்ளிப் பட்டறையில் தொடங்கி நகரத்தின் அடையாளக் கட்டடம் வரை ஒரே கோடு.

அந்தப் பட்டறையில் வேலை செய்ய முதலில் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்கவேண்டும். வந்த வாரத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாடல் செய்யவேண்டியிருக்கும்.