விஷப் பாம்ப வளக்குறவங்க பத்தி கொஞ்சம்

சிங்கப்பூர் மண்டாய் ஜூல பாம்பு, பல்லியெல்லாம் இருக்குற ரெப்டோப்பியா பக்கம் போனா எல்லாரும் பாம்பத் தேடுவாங்க, நான் கூண்டுக்குள்ள அத அடைக்கிற பெட்டி எங்க இருக்குன்னு தேடுவேன். ஏன்னா சுத்தம் பண்றதுக்கு முன்னாடி பாம்பு தானா அந்தப் பெட்டிக்குள்ள போயி மூடி பூட்டினப்புறம்தான் ஆளு கை விடணும், அதுதான் நல்ல முறை. கொக்கி கம்பி எல்லாம் அதுக்கப்புறம்தான். நம்மூர்லயே இருக்குற விஷம் துப்புற கருநாகம்னா கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம் போடணும், அது கண்ணப் பாத்துதான் துப்பும்!

சின்ன ஜூ நடத்துறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வெளிநாட்டுப் பாம்பு வாங்குறதுக்கு முன்னாடி அதுக்கான விஷமுறிவு மருந்து கையில இருக்கான்னு பாருங்க, ஒரு பாம்போட மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாமப் போகலாம். மருந்து இல்லன்னா அந்தப் பாம்பே வேணாம்.

கொலம்பியாவோட மஞ்ச விஷத்தவளை வேற கத. 5 செண்டிமீட்டர்தான், தோல்லயே விஷம், ஆனா காட்டுல திங்கிற பூச்சிலருந்துதான் அது வருதுன்னு நம்புறாங்க, கூண்டுல பொறந்து பழ ஈயும் குட்டி வெட்டுக்கிளியும் தின்னு வளந்தா விஷமே இருக்காது. இத கண்ணாடி பக்கத்துல எழுதி வச்சா பிள்ளைங்க எவ்ளோ ஆசையா படிக்கும்.

இங்க வீட்டுல பாம்பு வளக்க சட்டம் விடாது, அது ரொம்ப சரி.