பேர்னஸ் இல்லாத வீடு

ரொறொன்ரோவில் இருக்கிற அத்தான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு வீடு வாங்கப் போகிறாராம். சந்தோசம் என்று வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்கு 11 பக்கப் பட்டியல் ஒன்று வந்து விழுந்தது. அங்கே வீடு வாங்க முந்தி காசு கட்டி ஓர் ஆளைப் பிடித்து, கூரையிலிருந்து குழாய் வரை இரண்டு மூன்று மணித்தியாலம் சோதிப்பார்களாம். பிழை கண்டால் விலையைக் குறைக்கலாம், விட்டிட்டும் போகலாம்.

"அதே மாதிரிச் செய்யடா. காசு என்ரை, வீடு உன்ரை அக்கான்ரை பேரிலை."

(அக்கா இரட்டைக் குடியுரிமை எடுத்து வைத்திருக்கிறா, அத்தான் எடுக்கவில்லை. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பேரில் சாதாரணமாகக் காணி எழுத ஏலாது. அன்றிலிருந்து அத்தானின் குரல் கொஞ்சம் இறங்கித்தான் கேட்கிறது.)

சோதிக்கிற ஆளுக்கு நான் எங்கே போக? பென்சன் எடுத்த கட்டட ஓவசியர் மாமாவைப் பிடித்தேன். ஒரு ரோச், ஒரு ஸ்குரூ டிரைவர், சேர்ட் பொக்கற்றில் ஒரு கண்ணாடிப் போளை. அவ்வளவுதான் அவருடைய சாமான்.

படலையைத் திறந்தது எழுபது தாண்டின ஓர் அம்மா.

"வாங்கோ தம்பி. நீர் எவடம்?"

"இணுவில் அம்மா."

"இணுவிலிலை எவடம்? ஆற்றை மகன்?"

நான் பட்டியலின் முதல் பக்கத்தைத் தட்ட முந்தி அவ என் அம்மம்மா வரை போய்விட்டா.

முதல் கேள்வி, பேஸ்மென்ட்டில் ஈரக்கசிவு உண்டா. மாமா சிரிக்கவில்லை. "இஞ்சை கிணறு வெட்டவே கல்லுக்கு வெடி வைக்கோணும். நிலத்துக்குக் கீழை அறை வேணுமெண்டால் உன்ரை அத்தானை வந்து வெடி வைக்கச் சொல்லு." இரண்டாவது, பேர்னஸ் (குளிருக்கு வீட்டைச் சூடாக்க அங்கே வைத்திருக்கிற உலை) எத்தனை வருசப் பழசு. நான் குசினியை எட்டிப் பார்த்தேன். "அடுப்போ தம்பி? புகை வடிவாப் போகும்" என்றா அம்மா.

மாமா ஏணி வைத்து ஏறி, வளையில் ஸ்குரூ டிரைவரால் குத்தினார். நல்ல வைரம் பாய்ந்த பனை. ஸ்குரூ டிரைவர்தான் வளைந்தது. இறங்கி வந்து குசினி வாசல் நிலையில் குத்தினார். வெண்ணெயில் இறங்கின மாதிரிப் பிடி வரை போய்விட்டது. கறையான். "அது போன மாரிக்கு வந்தது" என்று அம்மா சொன்ன விதத்தில், விருந்தாளி வந்து நிற்கிற மாதிரித்தான் எனக்குக் கேட்டது.

அடுத்தது போளை. நிலமட்டம் பார்க்க விறாந்தையில் வைத்தார். அது யோசித்து, திரும்பி, மெல்லப் புறப்பட்டு, சுவாமி அறைக்குள் போய் மறைந்தது. பின்னால் தவழ்ந்து போனது நான். பிறகு, கரண்ட் கசிந்தால் தானாக வெட்டுகிற ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். விழுந்தது, நல்லது. ஆனால் திரும்ப ஏறவில்லை. ரீவியில் நாடகத்தின் மருமகள் வாய் திறந்தபடி மறைந்துபோனாள். அன்று பின்னேரம் முழுக்க அம்மா அதை மறக்கவில்லை.

உண்மையான சோதனை கிணற்றடியில்தான். நான் வாளியால் அள்ளிக் கொடுக்க, மாமா வாயில் விட்டுக் கண்ணை மூடினார். "சவர் இல்லை." மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளந்தோம். 60 அடி. நான் சரி போட்டேன். மாமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சரியை வெட்டினார். பக்கத்து வீட்டுக் குழி 20 அடிக்குள். கீழே இருக்கிறது ஓட்டையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். குழித் தண்ணீர் மதிலைப் பார்த்து நிற்கப் போகிறதா? தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி நைத்திரேற்று பார்க்கச் சொன்னார். 11 பக்கத்தில் இந்தக் கேள்வியே இல்லை.

தட்டை வடையும் தேத்தண்ணியும் வந்தன. வடையை வாயில் வைத்துக்கொண்டு நிலை உக்கியது என்று எப்படிச் சொல்வது? மாமா சொன்னார். பிறகு காணி உறுதியை வாங்கிப் பார்த்தார். இரண்டரைப் பரப்பு. அத்தானுக்குச் சதுர அடியில் வேணும், 6,806 என்று எழுதினேன். உறுதியின் கடைசியில் 'கிணற்றில் அரைப்பங்கும்' என்று கிடந்தது.

"மற்ற அரைப்பங்கு ஆருக்கு?"

"தம்பியாருக்கு. கதை பேச்சில்லை."

"அந்தாள் காணியிலையும் பங்காளியோ?"

அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினா. மாமா என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி, வாங்குகிறாயா என்ற முதல் கேள்வி பங்காளிக்குத்தான். அவருக்கு அறிவிக்காமல் எழுதினால் பிறகு கோட்டுப்படிதான்.

இரவு இரண்டு மணித்தியாலம் இருந்து அறிக்கை எழுதி அனுப்பினேன். அதற்குள் வீட்டுக்கார அம்மாவின் அறிக்கை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. தாவடியில் யாரோ மூலம் என் அம்மாவுக்குப் போன்: பெடியன் பரவாயில்லை, தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறான், சலரோகம் பார்க்கச் சொல்லுங்கோ, வாளி விடத் தெரியாது, கூட வந்த மனுசன் மட்டும் இனி படலைக்குள் வரக் கூடாது.

விடியப் பார்த்தால் அத்தானிடமிருந்து ஒரு வரி.

"எல்லாம் சரி. பேர்னஸ் எண்ட இடம் வெறுமையாக் கிடக்கே?"