டோக்கனுக்கும் பிரவுசருக்கும் நடுவில் ஒரு ஜேசன் ஃபைல்

டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சர்ட்டிபிகேட்) இருக்கிற யுஎஸ்பி டோக்கனைச் சொருகி ஆன்லைனில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இந்த எரிச்சல் பழகிப்போயிருக்கும். டோக்கனில் விளக்கு எரிகிறது, பின் நம்பர் ஞாபகம் இருக்கிறது, சர்ட்டிபிகேட் காலாவதி ஆகவில்லை, ஆனாலும் பிரவுசர் மட்டும் ஹெல்பர் (டோக்கனோடு பேசுகிற துணைப் புரோகிராம்) இல்லை என்று அடம்பிடிக்கும். நம்ம வடசென்னையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் இருக்கிற கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்களில் இது அன்றாடக் கதை. அவற்றில் சில ஆபீஸ்களுக்கு, உள்ளுக்குள் புழங்குகிற டாக்குமென்ட்களில் கையெழுத்துப் போட ஒரு எக்ஸ்டென்ஷனும் அதற்குத் துணையாக ஒரு ஹெல்பர் புரோகிராமும் பேக்கேஜ் செய்து தருவது என் வேலை. கிரிப்டோகிராஃபி எழுதுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அதை டோக்கனும் அதன் லைப்ரரியும் பார்த்துக்கொள்ளும். உயிரை எடுப்பது பேக்கேஜிங்.

முன்பெல்லாம் ஜாவா ஆப்லெட் இருந்தது, பிரவுசருக்குள்ளேயே ஓடி நேராக டோக்கனைத் தொடும். அதைத் தாங்கிக்கொண்டிருந்த பழைய ப்ளக்-இன் வசதியை 2015 செப்டம்பரில் குரோம் 45 தூக்கிவிட்டது, 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52. பாதுகாப்புக்கு நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் பலர் எடுத்த குறுக்குவழி, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி வெப் சர்வரை ஓடவிட்டு 127.0.0.1-இல், அதாவது அதே கம்ப்யூட்டரின் சொந்த முகவரியில், ஏதோ ஒரு போர்ட்டைத் திறந்துவைப்பது. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. அந்தப் போர்ட்டை நீங்கள் திறந்துவைத்திருக்கிற எந்த வெப்சைட்டும் தட்டிப் பார்க்க முயலலாம், வெப்சாக்கெட் (திறந்தே இருக்கிற இருவழி இணைப்பு) என்றால் வேறு தளத்திலிருந்து வருகிற இணைப்பைப் பிரவுசர் தானாகத் தடுக்காது, யார் கேட்கிறார்கள் என்று சர்வர்தான் பார்த்து விரட்ட வேண்டும். இதில் எச்டிடிபிஎஸ் வேண்டும் என்பதற்காக ஒரு ரூட் சர்ட்டிபிகேட்டையும் (அதை வைத்துத் தருகிற எந்தச் சர்ட்டிபிகேட்டையும் கம்ப்யூட்டர் நம்பும்) இன்ஸ்டாலரோடு சேர்த்துத் திணிப்பவர்கள் உண்டு. எல்லா மெஷினிலும் ஒரே பிரைவேட் கீ போனால் என்ன ஆகும் என்பதை 2015-இல் லெனோவோ லேப்டாப்களில் வந்த சூப்பர்ஃபிஷ் விவகாரம் காட்டியாச்சு. 2019 ஜூலையில் ஜூம் கதை வேறு: மேக்கில் ஜூமை அழித்த பிறகும் அதன் லோக்கல் சர்வர் உயிரோடு உட்கார்ந்திருந்தது, கடைசியில் ஆப்பிளே சத்தமில்லாமல் ஒரு அப்டேட் அனுப்பி அதைத் துடைக்க வேண்டியதாயிற்று.

அதனால் நான் பிடித்துக்கொண்டது நேட்டிவ் மெசேஜிங், எக்ஸ்டென்ஷனும் ஹெல்பரும் பேசிக்கொள்ளப் பிரவுசரே தருகிற வழி. போர்ட் எதுவும் கிடையாது. எக்ஸ்டென்ஷன் கேட்கும்போது பிரவுசரே ஹெல்பரைக் கிளப்பும், ஸ்டாண்டர்ட் இன்புட், ஸ்டாண்டர்ட் அவுட்புட் (புரோகிராமின் வழக்கமான உள்வழி, வெளிவழி) வழியாக ஜேசன் என்கிற எளிய எழுத்து வடிவில் பேசும், வேலை முடிந்ததும் மூடிவிடும். எந்த ஹெல்பர், எங்கே இருக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷன் அதைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் ஒரு சின்ன மேனிஃபெஸ்ட் ஃபைலில், அதுவும் ஜேசன்தான். பத்து வரிகூட வராது. என் வேலையில் முக்கால்வாசி அந்தச் சின்ன ஃபைலைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான்.

ஏனென்றால் சரியான இடம் என்பது ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒவ்வொன்று. லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் மொசில்லா ஃபோல்டருக்குள் தேடும், குரோமியம் வேறு இடத்தில் தேடும், கூகுள் குரோம் இன்னொரு இடத்தில். விண்டோஸில் ஃபைலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கிற இடம்) பாதை எழுத வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனின் ஐடியை அப்படியே கேட்கும், குரோமோ ஐடியை முழு முகவரியாகக் கேட்கும், கடைசியில் ஒரு சாய்வுக்கோடு விட்டுப்போனால்கூட உள்ளே விடாது. எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் அனுமதி என்று நட்சத்திரக்குறி போட்டுத் தப்பிக்கவும் முடியாது. கூடாதுதான், இந்த முறையின் பாதுகாப்பே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஆக ஒரே ஹெல்பருக்கு இரண்டு மேனிஃபெஸ்ட்.

ரெஜிஸ்ட்ரியில் இன்னொரு கூத்து. அட்மின் பாஸ்வேர்டு யாரிடமும் இருக்காது என்பதால் அந்தந்த யூசருக்குரிய பகுதியில் எழுதுவதுதான் வசதி. ஆனால் இந்த ஆபீஸ்களில் ஒரு மெஷினை இரண்டு ஷிப்ட் ஆட்கள் தனித்தனி லாகினில் பயன்படுத்துவார்கள். ஒரு அண்ணன் சாயங்காலம் போன் போட்டு, “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு தம்பி, டோக்கன் ஏன் இப்போ கோச்சிக்குது?” என்றார். “டோக்கன் கோச்சிக்கலண்ணே, நீங்க புது லாகின்ல வந்திருக்கீங்க, அதுல ஹெல்பருக்கு வழி எழுதல” என்றேன். லாரி கேட்டில் நிற்கிற நேரத்தில் இந்த விளக்கமெல்லாம் யாருக்கு வேண்டும், “சீக்கிரம் எதையாச்சும் பண்ணுப்பா” என்று வைத்துவிட்டார். இப்போது முடிந்த இடங்களில் எல்லாம் அவர்கள் சிஸ்டம் ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து மெஷின் முழுமைக்குமாக ஏற்றுகிறேன்.

ஹெல்பர் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் நான்கு பைட்டில் அதன் நீளம் போக வேண்டும். டோக்கன் கம்பெனி லைப்ரரி நடுவில் புகுந்து ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் ஒரு டீபக் வரியை அச்சடித்தால் கதை முடிந்தது. ஆங்கிலத்தில் ‘லோட்’ (Load) என்று தொடங்குகிற வரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நான்கு எழுத்தையும் பிரவுசர் நீளமாகப் படிக்கும்: 1,68,41,07,084. அதாவது 168 கோடி பைட்டுக்கு மேல் ஒரு பதில் வரப்போகிறது என்று அர்த்தம். ஹெல்பரிடமிருந்து பிரவுசருக்கு ஒரு மெசேஜில் 1 எம்பிதான் வரம்பு, உடனே இணைப்பை அறுத்துவிடும், நமக்கு ஒரு துப்பும் கிடைக்காது. நான் ஹெல்பர் தொடங்கிய உடனே நிஜ அவுட்புட்டை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய இடத்தை எரர் பக்கம் திருப்பிவிடுகிறேன். அப்புறம் லைப்ரரி என்ன உளறினாலும் லாக் ஃபைலில்தான் போய் விழும்.

அந்த 1 எம்பி வரம்பால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. பிடிஎஃப்பை ஹெல்பருக்கு அனுப்பினால் கையெழுத்தோடு அது திரும்பி வர வேண்டும், ஸ்கேன் செய்த இன்வாய்ஸ் பிடிஎஃப் சாதாரணமாகவே அந்த வரம்பைத் தாண்டும், ஜேசனில் வைப்பதற்காக பேஸ்64 என்கிற எழுத்து வடிவமாக்கினால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஊதும். அதனால் பிடிஎஃப்பை ஹெல்பருக்கு அனுப்புவதே இல்லை. 32 பைட் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி) மட்டும் போகும், கையெழுத்து மட்டும் திரும்பும். இதில் ஒரு நெருடல் உண்டு, எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று ஹெல்பரால் காட்ட முடியாது, எக்ஸ்டென்ஷன் சொல்வதை நம்ப வேண்டியதுதான். இப்போதைக்கு ஃபைல் பெயரையும் தளத்தின் பெயரையும் பின் கேட்கும் ஜன்னலில் காட்டுகிறேன். பின்னை வாங்குவது ஹெல்பர், பிரவுசர் கண்ணில் அது படவே படாது.

உபுண்டு வைத்திருப்பவர்கள் குறைவு, ஆனால் அவர்கள்தான் அதிகம் படுத்தியவர்கள். 2022-இல் 22.04 வந்தபோது ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் பேக்கேஜாக, அதாவது மற்ற புரோகிராம்களிலிருந்து தடுத்து வைத்த தனிப் பேக்கேஜாக, மாறிவிட்டது. ஸ்னாப் தன் கூண்டுக்குள் இருந்துகொண்டு வெளியே இருக்கிற ஹெல்பரை நேராகக் கிளப்பாது, போர்ட்டல் (நடுவில் நின்று அனுமதி கேட்கிற சர்வீஸ்) வழியாகத்தான் கேட்க வேண்டும், அந்த வசதி பிறகுதான் வந்தது. வந்தாலும் முதல் முறை அனுமதி கேட்கும் பெட்டியைப் பார்த்துப் பயந்து “வேண்டாம்” அழுத்துகிறவர்களை என்ன செய்வது!

32 பிட் டிரைவரை 64 பிட் ஹெல்பரால் ஏற்ற முடியாது என்பதால் விண்டோஸுக்கு இரண்டு பில்டும் தருகிறேன், இன்ஸ்டாலரே டிரைவரைப் பார்த்து எது என்று முடிவு செய்துகொள்ளும். நீக்கும்போது ரெஜிஸ்ட்ரி வரிகளையும் சேர்த்து அழித்துவிடுகிறது. மேக்குக்குப் பேக்கேஜ் இல்லை, அந்தத் தெருவில் இதுவரை யாரும் கேட்கவில்லை.