விரா சட்டை

சுங்கை சிப்புட்டில் தே தாரிக் கடை வாசல். செம்பனைக் குலை லாரியிலிருந்து இறங்கி வந்த பெரியவரின் சட்டையில் ஓர் ஓராங் ஊத்தான் சிரித்தது. துவைத்துத் துவைத்து ஒரு கண் அழிந்தே போயிருந்தது.

“விராதானே ஐயா?”

“ஆமா தம்பி, தொண்ணூத்தெட்டுல கொடுத்தது. இன்னும் கிழியலே!”

விரா, 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியின் சின்னம். 1992இல் பார்சிலோனாவில் நடந்த வாக்கெடுப்பில் அடிலெய்டை 40-25 என்று வென்று அந்தப் போட்டியை வாங்கினோம். ஆசியாவுக்கு அதுதான் முதல் முறை. ஓடுதளத்தைவிட ‘ஆசியாவுக்கு முதல் முறை’ என்ற அந்த அரசியல் பேச்சுதான் அதிக வாக்கு வாங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

2019இல் அதே அரசியல் திருப்பி அடித்தது. இஸ்ரேலிய வீரர்களுக்கு விசா கிடையாது என்றது அரசு. கூச்சிங்கில் நடக்கவிருந்த மாற்றுத்திறனாளிகள் உலக நீச்சல் போட்டி லண்டனுக்குப் போனது.

பாலஸ்தீனத்தின் மீதான அக்கறை புரிகிறது. ஆனால் சொந்த மண்ணில் நீந்தக் காத்திருந்த நம் பிள்ளைகள்?

அப்புறம் 2026 காமன்வெல்த். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கைவிட்டதும் காமன்வெல்த் போட்டிக் கூட்டமைப்பினர் 10 கோடி பவுண்டோடு நம்மிடம் வந்தார்கள். 2024இல் அரசு வேண்டாமென்றது, கிளாஸ்கோ எடுத்துக்கொண்டது.

அது சரிதான். எங்கள் தோட்டத் திடலுக்கு முதலில் புல் வெட்ட ஆள் வரட்டும்.